எட்வின் நடக்காத தூரம்

நாகர்கோவிலைச் சேர்ந்த இரண்டு நண்பர்களின் கதை இது. கேட்டு முடித்ததும் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தாணுலிங்கமும் எட்வினும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் தாணு ஓசூருக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் தானியங்கி இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் வேலையில் சேர்ந்தான். எட்வின் ஊரிலேயே நில அளவையர் ஆனான். தூரத்தில் இருந்த இருவரையும் சேர்த்து வைத்திருந்தது ஒரு கணினி விளையாட்டு. அதில் வெற்றி தோல்வி கிடையாது. எல்லையில்லாத ஓர் உலகம் இருக்கும். தோண்டலாம், கட்டலாம், நடக்கலாம். ரசிகர்கள் எழுதி வைத்திருக்கும் ‘மாட்’ என்ற கூடுதல் நிரல்களைச் சேர்த்துக்கொண்டால் அந்த உலகத்தில் புதிய இயந்திரங்கள் முளைக்கும், புதிய நாடுகள் விரியும். தாணு இயந்திரங்களைச் சேர்த்தான். எட்வின் நாடுகளைச் சேர்த்தான்.

ஒன்பது வருடம் இருவரும் அந்த ஒரே உலகத்தில் இருந்தார்கள். தாணு தன் பட்டறையை விட்டு நகர மாட்டான். அங்கே இரும்பு தானாகத் தோண்டப்பட்டு, தானாக உருகி, பெட்டியில் வந்து விழும். கோதுமை தானாக விளைந்து ரொட்டியாகும். எட்வின் அந்த ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். இடிந்த கோட்டை ஒன்றைக் கண்டால் அன்று முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வருவான். கிழக்குக் கோடியில் ஒரு கண்ணாடி மலை இருப்பதாக மாட் எழுதியவர்கள் குறிப்பில் சொல்லியிருந்தார்கள். அதை நோக்கித்தான் அவன் நடை. தாணு பறக்கும் வண்டி செய்து தருகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தான். எட்வின் சிரித்துவிட்டு நடந்தான்.

நாற்பத்தோராவது வயதில் எட்வினுக்குத் தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் நோய் வந்தது. முதலில் கால்கள் போயின. அளவைச் சங்கிலியும் வேலையும் அவற்றோடு போயின. அதற்குப் பிறகு அவன் நடந்ததெல்லாம் திரைக்குள்தான். பிறகு விரல்களும் தளர ஆரம்பித்தன.

அந்த நாட்களில் ஒரு தடவை தாணுவைப் போனில் கூப்பிட்டான். “விரலும் நின்னு போச்சுன்னா, அந்த மலைக்கிட்ட என்னைக் கொண்டு நிறுத்திருவியா மக்கா?” என்று கேட்டான். தாணு நிறுத்துவதாக வாக்குக் கொடுத்தான்.

அதே நாட்களில்தான் தன் மனைவி சுகந்தியிடம் எட்வின் வேறொன்று சொன்னான். “நான் நடக்காத தூரத்தை எனக்காக யாரும் நடந்திரக் கூடாது, பாத்துக்கோ.” சுகந்தியும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றாள். எதை முதலில் சொன்னான், எதைப் பிறகு சொன்னான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒருவருக்குக் கொடுத்த வேலை மற்றவருக்குத் தெரியவும் இல்லை.

ஆடி மாதம் விரல்கள் நின்றன. இரண்டு வாரத்தில் பேச்சும் நின்றது. தாணு விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்ததும் தலையணையைச் சரிசெய்தான். கவனித்துக்கொள்ள வந்திருந்த நர்ஸ் மேரி, அப்படிச் செய்வதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும் என்றாள். ஒரு முறை இமைத்தால் ஆம், இரண்டு முறை இமைத்தால் இல்லை. தண்ணீர், மின்விசிறி, ஜன்னல் எல்லாம் அப்படித்தான் நடந்தன.

தாணு பக்கத்து அறையில் உட்கார்ந்து இரண்டு நாளில் ஒரு நிரல் எழுதினான். மூன்றாம் நாள் காலை, சுகந்தி பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போன பிறகு, கட்டிலுக்கு எதிரே இருந்த திரையில் அதை ஓடவிட்டான். ஆற்றங்கரையில் நின்றுபோயிருந்த எட்வினின் உருவம் தானாக நடந்தது. குறுக்கு வழி பார்த்து, கல் தடுக்காமல், எங்கேயும் திரும்பாமல் நடந்தது. வழியில் ஒரு நகரமே இடிந்து கிடந்தது. உருவம் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. தான் இதுவரை எழுதியதிலேயே பிசகில்லாத நிரல் அது என்று தாணுவுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த நகரம் திரையை விட்டு மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு மணிக்குத் திரையின் ஓரத்தில் கண்ணாடி மலை தெரிந்தது. எட்வினின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இப்போதெல்லாம் காரணமில்லாமலே வழிகிறது என்று மேரி துடைத்துவிட்டாள்.

அப்போதுதான் சுகந்தி உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் போய் நிரலை நிறுத்தினாள்.

“இது அவரு நடந்தது இல்லண்ணே.”

“அவன்தான் கேட்டான், சுகந்தி. வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“நானும் கொடுத்திருக்கேன்.”

கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பாமல் இல்லை, விட்டுக்கொடுக்கத்தான் முடியவில்லை. கடைசியில் சுகந்தி, விளையாட்டில் முன்பு சேமித்து வைத்திருந்த பழைய பிரதியைத் திறந்து, எட்வினின் உருவத்தை மறுபடி ஆற்றங்கரையிலேயே நிறுத்தினாள். தாணு தடுக்கவில்லை. அன்று மாலை ரயிலிலேயே ஓசூருக்குத் திரும்பினான்.

அதிலிருந்து பதினோராம் நாள் எட்வின் இறந்துபோனான்.

இருவரும் தாங்கள் கொடுத்த வாக்குக்கு உண்மையாக இருந்தார்கள். இருவருக்கும் அவன் மேல் இருந்த அன்பில் குறை சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்கள்: நடக்க வைத்த தாணு செய்தது சரியா, நிறுத்திய சுகந்தி செய்தது சரியா?

*

விடை: இருவர் செய்ததும் சரியில்லை. மலையைப் பார்க்க ஆசைப்பட்டவனும், தனக்காகப் பிறர் அங்கே நடந்துவிடுவதை விரும்பாதவனும் ஒரே ஆள்தான். மனிதனுக்கு இரண்டு ஆசையும் இருக்கும். அன்று அவனுக்கு எது வேண்டும் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அவ்வளவு நேரமும் அவன் விழித்துக்கொண்டுதான் கிடந்தான். தண்ணீர் வேண்டுமா என்று தினமும் அவனைக் கேட்டவர்கள், இதை மட்டும் கேட்கவில்லை. தாணுவுக்கு இது உறைக்க நான்கு மாதம் ஆயிற்று. சுகந்தியைக் கூப்பிட்டுச் சொன்னான். அவள் ஏற்கெனவே அதைக் கண்டுபிடித்திருந்தாள். எட்வின் இறந்த பதினாறாம் நாளே தெரிந்துவிட்டதாகவும், தாணுவிடம் சொல்ல மனம் வராமல் இருந்ததாகவும் சொன்னாள்.