கீரியின் பூட்டில் ஒட்டிய பாகு

அந்தக் காலத்தில், மிருகங்களெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு உடம்புக்குள்ளும் தலை சொல்வதைத் தசைக்குக் கொண்டுபோக ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். தசைக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு பூட்டு. ஓட்டக்காரன் சாவி போட்டால் வாசல் திறக்கும். இமை சிமிட்டும், கால் ஓடும், நெஞ்சு ஏறி இறங்கும். மழைக்கு முன்னால் எல்லோரும் தங்கள் பூட்டுகளைத் துடைத்து வைக்க வேண்டும். அது அன்றைய வழக்கம்.

பனங்காட்டில் செம்பி என்றொரு கீரி இருந்தாள். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம்! தன் பூட்டையும் மூன்று பிள்ளைகளின் பூட்டையும் தூசி தும்பு இல்லாமல் தேய்த்து வைத்திருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

பக்கத்துப் புற்றில் கரியான் என்ற நல்லபாம்பு இருந்தான். அவன் விஷம் ஒரு கள்ளச்சாவி. பூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். திறக்கவும் திறக்காது, வெளியேயும் வராது. ஓட்டக்காரன் வந்தால் சாவி போட இடம் இருக்காது. துடைத்த பூட்டென்றால் இன்னும் சுலபமாக நுழையும்.

ஒரு மத்தியானம் புற்றோரம் விளையாடிய மூத்தவனைக் கரியான் கொத்திவிட்டான். பிள்ளையின் இமை இரண்டும் சரிந்தன.

"கண்ணைத் திறக்க முடியலைம்மா" என்றான். நாக்கு குழறியது.

செம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பனையைச் சுற்றினாள், பிள்ளையை நக்கினாள், மறுபடி ஓடினாள். கடைசியில் புற்றுக்கு முன்னால் போய் நின்று கத்தினாள்.

"அடப் பாவி! அந்த விஷம் உன் உடம்புக்குள்ளதானே இருக்கு? உன்னை ஏன் அது கொல்லலை?"

"அது எங்க குடும்ப ரகசியம். உனக்கெதுக்கு? போ, போய்ப் பிள்ளையைப் பாரு" என்று கரியான் திரும்பிக்கொண்டான்.

அவன் முதுகில் எறும்புகள் வரிசையாக ஊர்ந்ததைச் செம்பி பார்த்தாள். எறும்பு சும்மா வருமா? இனிப்பு! பூட்டின் வாயோரம் கருப்பட்டிப் பாகைத் தடவி வைத்திருக்கிறான், திருடன்! கள்ளச்சாவி பெரிசு, பாகில் முட்டித் திரும்பிவிடும். ஓட்டக்காரனின் சாவி சின்னது, சந்தில் நுழைந்துவிடும்.

காட்டோரம் பனையேறி ஒருவன் பாகு காய்ச்சிக்கொண்டிருந்த பானைக்குள் செம்பி வாயை விட்டாள். நாக்கு வெந்தது. துப்பாமல், விழுங்காமல், விழுந்தடித்து ஓடி வந்தாள். சின்னவர்கள் இருவரின் பூட்டில் பூசினாள், தன் பூட்டிலும் பூசினாள். மூத்தவனின் பூட்டில் கள்ளச்சாவி ஏற்கெனவே சிக்கிக் கிடந்தது. அதன்மேல் எவ்வளவு பூசி என்ன? மூச்சு விடச் சொல்லித் தலை அனுப்பிய ஓட்டக்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். பிள்ளை போய்விட்டான்.

கீரி ஏதோ பச்சிலை தின்றுவிட்டுச் சண்டைக்கு வருகிறது என்பார்கள். பச்சிலையாவது, மண்ணாவது! அன்று முதல்தான் கீரியின் பூட்டில் இனிப்பு ஒட்டியிருக்கிறது. நல்லபாம்பின் விஷம் அங்கே லேசில் உட்கார முடிவதில்லை. இனி ஒதுங்கிப் போனாலும் குறைச்சல் இல்லைதான். ஆனாலும் பாம்பைக் கண்டால் கீரி ஒதுங்குவதில்லை. ஒரு பிள்ளைக்குப் பாகு பிந்திப்போயிற்றே, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.