பத்தாயிரத்து ஏழு விளக்குகள்

வெகுகாலத்துக்கு முன்பு மணிமாற பூபதி என்றொரு அரசர் இருந்தார். பேரன் பிறந்த மகிழ்ச்சியில் பத்தாயிரம் அகல்விளக்கு ஏற்றும்படி உத்தரவிட்டார். பட்டத்தரசியோ, தன் பிறந்த வீட்டிலிருந்து வந்த ஏழு விளக்குகளும் அவற்றோடு சேர்ந்து எரியவேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

அரசருக்கு ஒரு வரிசை நீண்டும் ஒன்று குறைந்தும் இருந்தால் கண்ணை உறுத்தும். "வரிசைகள் எல்லாம் சமமாக இருக்கவேண்டும். ஒரு விளக்குகூட மிஞ்சக்கூடாது" என்றார்.

ஆஸ்தானக் கணிதர் விடங்கர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார். பத்தாயிரத்து ஏழை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி நின்றது. அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. விகடகவி அம்பலவன்மேல் அரசர் வைத்திருந்த பிரியம் அவருக்கு நெடுநாளாகவே பொறுக்கவில்லை.

மறுநாள் சபையில், "மன்னா, இதற்கு அம்பலவனைவிடத் தகுந்தவர் யார்? செய்யமுடியாவிட்டால் சபையை விட்டு விலகட்டும்" என்றார். சூது அறியாத அரசர் தலையசைத்துவிட்டார்.

அன்று வீட்டில் அம்பலவன் தரையெல்லாம் கரிக்கட்டியால் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். சபையை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

"சோறு ஆறுது" என்றாள் மனைவி உலகம்மை.

"பதிமூணால வகுத்தா பத்து மிஞ்சுது. பதினேழால வகுத்தா பதினொண்ணு மிஞ்சுது. இந்த எண்ணு யாருக்கும் பிடிகொடுக்க மாட்டேங்குது, உலகம்மை."

"அப்ப ஒண்ணால வகுத்துட்டு வாங்க" என்று எரிச்சலோடு சொன்னாள் அவள்.

அம்பலவன் கரிக்கட்டியைக் கீழே வைத்தான். எழுந்து கைகழுவிக்கொண்டு வந்து இரண்டுமுறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

விழா நாள் மாலையில் அரசர் கோட்டைவாசலுக்கு வந்தார். அவர் காலடியில் தொடங்கிய விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருக்களில் வளைந்து ஆற்றுத்துறைவரை போயின.

விடங்கர் முன்னே வந்தார். "மன்னா, தாங்கள் கேட்டது வரிசைகள். இங்கே இருப்பது ஒரே வரிசை."

"கணிதர் நெடுக்கே பார்க்கிறார், மன்னா" என்றான் அம்பலவன் பணிவாக. "தெருவோரம் நின்று குறுக்கே பார்க்கட்டும். பத்தாயிரத்து ஏழு வரிசைகள் உள்ளன, வரிசைக்கு ஒரு விளக்கு. எந்த வரிசை நீளம், எந்த வரிசை குறைவு என்று அவரே சொல்லட்டும்."

விடங்கர் தெருவோரம் போய்க் குறுக்கே பார்த்தார்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலவனுக்குப் போட்டார். "நாளை முதல் உன் ஆசனம் என் பக்கத்தில்" என்றவர், கணிதர் பக்கம் திரும்பினார்.

"விடங்கரே, ஒரு விளக்கு அணைந்தாலும் ஒரு வரிசையே காணாமல் போய்விடும். எண்ணெய்க் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுத்துறைவரை ஒரு நடை போய்வாரும்."