அழிக்க முடியாத பதிவின் அடியில்

2009ஆம் ஆண்டு நவம்பர் 9, திங்கட்கிழமை. விருதுநகரில் விடியற்காலையில் தொடங்கிய தூறல் நண்பகலிலும் நிற்கவில்லை. காற்று சிறிதும் இல்லை.

பேருந்து நிலையத்தை அடுத்த பிளக்ஸ் கடைக்குள், சொட்டும் குடையுடன் ஒருவர் நுழைந்தார். பெயர் தவசிலிங்கம், வட்டாட்சியர் அலுவலகத்தில் தட்டச்சர், வயது ஐம்பத்தேழு.

"ஆசானைப் பார்க்கணும்" என்றார்.

கணினியின் முன் இருந்த பெண் நிமிர்ந்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும்.

"நான்தான். ஜெனிட்டா. கல்யாண பேனரா, காதுகுத்தா?"

"ரெண்டும் இல்ல. ஏழுகடல் மன்றத்துல 'தவசி'ங்கிறது நான். ரெண்டு மாசமா உங்ககிட்டதான் பாடம் படிக்கிறேன். கடை விலாசம் உங்க பாடத்துலயே இருந்துச்சு."

அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, கேட்ட கேள்விகளை வச்சு ஏதோ காலேஜ் பையன்னு நெனச்சேன்."

"ஆசான்னா தலை நரைச்சிருக்கும்னு நானும் நெனச்சேன்."

ஏழுகடல் என்பது இணையத்தில் தமிழர் கூடி எழுதும் ஒரு மன்றம். அங்கே ஒருவர் எதை எழுதினாலும் அதன் அடியில் அவருடைய கையொப்பப் படம் தோன்றும். சிறிய பட்டை, பெயரும் ஓவியமும் இருக்கும். அதை வடிவமைக்கப் பத்துப் பேருக்குக் கற்பித்து முடித்தவருக்கு மன்றம் 'ஆசான்' என்ற பட்டத்தை அளித்தது. வயதை யாரும் கேட்பதில்லை.

தவசிலிங்கம் பென்டிரைவை நீட்டினார். ஜெனிட்டா படத்தைத் திறந்தாள். ஒரு சாண் நீளப் பட்டைக்குள் உதயசூரியன், தாமரை, ஒரு மாணவனின் புகைப்படம், ஒரு பெண்ணின் புகைப்படம், கைப்பேசி எண், நிழல் விழும் பொன்னிற எழுத்தில் நான்கு வரிகள்.

"இதை வாசிக்க பூதக்கண்ணாடி வேணும் ஐயா. யாருக்காக இது?"

"எல்லாருக்குந்தான்."

"எல்லாருக்கும்னா போன் நம்பர் எதுக்கு?"

அவர் மன்றத்தின் ஒரு பழைய பதிவின் தலைப்பைச் சொன்னார். அவள் தேடித் திறந்தாள்.

2007 பிப்ரவரி. 'முதல் மழை' என்னும் கவிதை, பதினோரு வரிகள், எழுதியவர் பொன்னரசு. அதன்கீழ் முதல் மறுமொழி, தவசி எழுதியது:

'இவன் என் மகன். மூன்று முறை தேர்வில் தோற்றவன். ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாதவனுக்குக் கவிதை ஒரு கேடா? இவனைப் பாராட்டி மேலும் கெடுக்காதீர்கள்.'

அதற்கும் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக, பத்தொன்பது பேர் இட்ட மஞ்சள் சிரிப்பு முகங்கள்.

"மறுநாள் காலையில வீட்டை விட்டுப் போனான். இன்னும் ஒரு தகவலும் இல்ல."

"மன்றத்துல அழிக்கச் சொல்லிக் கேட்டீங்களா?"

"மூணு கடிதம் எழுதினேன். ஒரு நாள் கழிஞ்ச பதிவை யாருக்காகவும் தொடமாட்டோம்னுட்டாங்க. அப்புறம்தான் உங்க முதல் பாடத்தைப் படிச்சேன். கையொப்பத்தை மாத்தினா பழைய பதிவுகளுக்கு அடியிலயும் மாறும்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா, மாறும்."

"இதுக்கு அடியிலயும்?"

"இதுக்கு அடியிலயும்."

"அதுக்காகத்தான் படிச்சேன்."

அவள் தன் நாற்காலியை அவருக்குத் தந்து, மவுஸை அவர் கையில் வைத்தாள்.

"ஒவ்வொன்னா எடுங்க."

சூரியன் போயிற்று. தாமரையும் நிழலும் போயின. பெண்ணின் படத்தில் அவர் கை நின்றது.

"அவன் அம்மாவையுமா?"

"திட்டினது அவங்களா?"

அதுவும் போயிற்று. பின்னர் அவன் படமும் எண்ணும் போயின. நான்கு வரிகள் மிஞ்சின. 'நடந்ததை எல்லாம் மறந்தேன். உன்னை மன்னித்தேன். தாய் வாடுகிறாள். வீடு திரும்பு.'

ஜெனிட்டா இரண்டாம் வரியில் விரலை வைத்தாள்.

"யாரு யாரை மன்னிக்கிறது?"

அவர் நான்கையும் ஒருங்கே நீக்கினார். வெறும் வெள்ளைப் பட்டை திரையில் நின்றது.

"இப்போ என்ன எழுதட்டும்?"

"அந்தக் கவிதையில எந்த வரி உங்களுக்குப் பிடிச்சுது?"

வெளியே ஒரு பேருந்து தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

"நான் அதை முழுசா வாசிக்கல. ரெண்டாவது வரியில ஒரு பிழை இருந்துச்சு. அதோட நிறுத்திட்டேன்."

 அவள் கவிதையைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கினாள். பதினோரு வரிகளுக்கு அவர் நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கா?"

"சுமார்தான்" என்றார். திரையில் விரலை வைத்து, "ஏழாவது வரி மட்டும்... 'ஒழுகும் ஓட்டின்கீழ் அம்மா வைத்த குண்டான், முதல் சொட்டுக்குக் குரல் கொடுத்தது.' எங்க வீட்டு அடுக்களை அது. அந்தச் சத்தம் எனக்கும் தெரியும்" என்றார்.

பிறகு அவரே தட்டச்சு செய்தார். வெள்ளையில் கறுப்பு எழுத்து: 'ஏழாம் வரி நன்றாக இருக்கிறது. அப்பா.'

அவர் தம் கணக்கைத் திறந்தார்; ஜெனிட்டா படத்தை ஏற்றினாள். பழைய பதிவு மீண்டும் திறந்தது. மேலே அதே சொற்கள். அடியில் புதிய பட்டை. பக்கத்தைக் கீழே உருட்டிக்கொண்டே போய், ஏழாவது சிரிப்பு முகத்தருகே அவள் நிறுத்தினாள். அதன் அடியில் ஒரு கையொப்பம் ஒளிர்ந்தது: மயிற்பீலி நிறங்கள், வளைந்த எழுத்துகள், 'ஜெனிட்டா'.

"நீங்களும் சிரிச்சீங்களா?" என்றார்.

"ஆமா. அன்னைக்குக் கவிதையை நானும் வாசிக்கல."

அவள் தன் கணக்கைத் திறந்து, மன்றத்தில் பலர் பார்த்துப் பழகிய அந்தக் கையொப்பத்தை நீக்கினாள். அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.

"ஏம்மா?"

"சிரிச்சதுக்கு அடியில பேரு இவ்வளவு அழகா இருக்க வேண்டாம்."

தவசிலிங்கம் குடையை எடுத்தார். வாசல்வரை சென்று திரும்பினார்.

"ஆசானே, அவன் பார்ப்பானா?"

"பார்த்தா, மேல இருக்கிறதைத்தான் முதல்ல வாசிப்பான் ஐயா."

அவர் குடையை விரிக்காமலே தெருவில் இறங்கினார்.

அதன்பிறகு தவசிலிங்கம் மன்றத்தில் எதுவும் எழுதவில்லை. 2012 ஜனவரியில் அவர் இறந்தார். அவ்வாண்டு மார்ச்சில், கையொப்பப் படங்களைச் சேமித்து வைத்திருந்த இலவசத் தளம் மூடப்பட்டது. அவருடைய கடவுச்சொல் எவருக்கும் தெரியாததால், படத்தை வேறிடத்திலிருந்து ஏற்ற ஜெனிட்டாவால் இயலவில்லை. அந்த இடத்தில் சிவப்புப் பெருக்கற்குறியிட்ட ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. அதற்கு மேலுள்ள சொற்கள் தெளிவாகத் தெரிகின்றன. பொன்னரசின் பெயரருகே, 'கடைசி வருகை: 2007 பிப்ரவரி 18' என்றிருக்கிறது. தந்தையின் மறுமொழி பதிவானதும் அதே நாளில்தான்.