சாகிற ராஜாவின் கடைசி அடி

"சாமி, நான் செத்துப்போயிடுவேனா?"

வண்டியை விட்டு இறங்கிய கையோடு பக்கிரிசாமி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

வேதாரண்யத்து உப்பளத்தை ஒட்டி ஒரு குடிசை. அதில் இருந்த உப்பளத்துச் சாமி என்கிற சாமியாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கேட்டவருக்கோ அறுபது தாண்டிவிட்டது.

"ஆமா," என்றார் சாமி.

பக்கிரிசாமிக்கு வியர்த்துவிட்டது. ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைக்கும் என்று நம்பி அத்தனை தூரம் வந்தவர்.

லேசுப்பட்ட ஆளும் இல்லை. தஞ்சாவூர்ச் சீமையில் பாட்டு நாடகம் என்றால் அந்தக் காலத்தில் பக்கிரிசாமி வாத்தியார்தான். பஜனை மடத்தில் ஜால்ரா தட்டத் தொடங்கியவர். பம்பாய் நாடகக் கம்பெனிக்காரர்களின் மெட்டையும் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டையும் காதில் வாங்கி, நம் ராகத்தில் குழைத்து, கொட்டகை கொட்டகையாகக் கொடுத்தவர். பெரிய வித்வான்கள் அவர் பேரைக் கேட்டாலே உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்கள் வீட்டுச் சமையலறையில் அவர் மெட்டுதான் ஓடும்.

அந்த மனிதர் இப்போது குடிசை வாசலில் கைகூப்பி நின்றார்.

"எதுக்கு இவ்வளவு பயம், வாத்தியாரே?"

"ஒரு பாட்டு, சாமி."

"பாட்டா?"

"புது நாடகத்துல ராஜா சாகுற பாட்டு. எங்க கம்பெனியில ஒரு வழக்கம். சாவுப் பாட்டோட கடைசி அடியை ஒத்திகையில பாட மாட்டோம். பாடினா வீட்டுல சாவு விழும்பாங்க. மேடை ஏறுற அன்னிக்கு நடிகன் காதுல மட்டும் நான் பாடிக் காட்டுவேன்."

"சரி."

"இந்தத் தடவை அவன் காதுகிட்ட குனிஞ்சேன். நெஞ்சை அடைச்சிருச்சு. நாடகத்தைத் தள்ளிவெச்சுட்டு மறுபடி குனிஞ்சேன். மறுபடி அடைச்சிருச்சு. அந்த அடியும் நானும் ஒண்ணா முடியப்போறோம், சாமி."

பக்கிரிசாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப எதை முடிக்கவும் பயமா இருக்கு. கடைசிக் கவளத்தை இலையிலேயே வெச்சுடறேன். வெத்தலையை மென்னு முடிக்கிறதில்ல. கண்ணை மூடினா திறக்குமான்னு பயம். அங்க கம்பெனி ஆளுங்க உலையில போட அரிசி இல்லாம என் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க."

"ராஜா செத்தா ஜனங்க அழுவாங்களா?"

"அழுவாங்க. அப்புறம் 'ஒன்ஸ்மோர்'னு கத்துவாங்க."

"அப்படின்னா?"

"இன்னொரு தரம்னு அர்த்தம். செத்துக்கிடக்கிற ராஜா தூசியைத் தட்டிக்கிட்டு எழுந்து, பாட்டை மறுபடி பாடணும். பாடிட்டு மறுபடி சாகணும்."

சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கிரிசாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, அந்த ஒரு அடியை வேற யாராவது கட்டட்டுமே."

"என் பாட்டுக்கா?"

"பாட்டு பெரிசா, உசிரு பெரிசா?"

"உசிருதான், சாமி." யோசிக்காமல் சொன்னார். பொய்யும் சொல்லவில்லை.

"அப்ப பாடுங்க. கடைசி அடி வேண்டாம்."

பக்கிரிசாமி உப்பு மண்ணில் உட்கார்ந்து பாடினார். குரல் தேய்ந்திருந்தது. ஆனாலும் சுருதி பிசகவில்லை.

*கூட்டம் கலைந்தது, கோட்டை உறங்குது கண்ணே...*

அங்கே நிறுத்திக்கொண்டார்.

சாமி கண்ணை மூடினார். தொண்டையைச் செருமினார். மிச்சத்தை அவரே எடுத்துப் பாடினார்.

*ஐயையோ ராஜா போனாரே, அரண்மனை காலி ஆனதே!*

தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினமாதிரி ஒரு குரல். பக்கிரிசாமி பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் சாமி. "நடிகனுக்கு இதையே சொல்லிக்குடுத்துடுங்க. உசிரும் தப்பிச்சுது."

மறுபடி பாடினார். இந்தத் தடவை 'ஐயையோ'வை இழுத்து, மாரில் வேறு அடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க சாமி!"

பக்கிரிசாமி எழுந்தே விட்டார். முகம் சிவந்திருந்தது.

"என்ன பாட்டு இது? அந்த இடத்துல ராஜா அழ மாட்டான். அழுதா பாட்டே செத்துச்சு! பக்கத்து ஊருக்குக் கிளம்புறவன் வாசல்ல நின்னு சொல்றமாதிரி சொல்லணும். குரல் இறங்கணும், இப்படி..."

பாடினார்.

*விளக்கை அணைக்காதே, போய் வருகிறேன்.*

கடைசிச் சுரம் உப்புப் பாத்திகளின் மேல் போய் ஓய்ந்தது.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

கை தானாக நெஞ்சுக்குப் போனது. அப்படியே மண்ணில் சாய்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். இதோ, இப்போது. காதுக்குள் இதயம் அடித்தது. கால் விரல்கள் சில்லென்று ஆயின. மனதில் இன்னொரு நாடகம் பாதி கட்டியபடி இருந்தது. அதை நினைத்ததும் அழுகை முட்டியது.

"சாமி," என்றார் கண்ணைத் திறக்காமல். "பாடிட்டேன்."

பக்கத்துப் பாத்தியில் ஒரு நாரை சிறகடித்தது.

"சாமி, பயமா இருக்கு."

உப்பளத்துச் சாமி வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார். பாத்தியில் நின்ற நாரைகள் எல்லாம் எழுந்து பறக்கும்படி, கொட்டகையின் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனைப் போலக் கத்தினார்:

"ஒன்ஸ்மோர்!"