கஞ்சிக்கு வாங்கிய கடன்

நல்லமங்கலம் என்ற சின்ன நாட்டில் ஒரு வருஷம் வாந்திபேதி பரவியது. யாரும் வெளியே வரக்கூடாது என்று ராஜா தண்டோரா போட்டார். வேலையில்லாமல் முடங்கிய ஜனங்களுக்கு வீடுவீடாகக் கஞ்சி ஊற்ற, பக்கத்து நாட்டில் ஆயிரம் வண்டி நெல் கடன் வாங்கினார்.

நோய் போய்விட்டது, கடன் போகவில்லை. வீடுவீடாகக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய மூக்காயியைத் திவான் அம்பலவாணர் சபைக்கு இழுத்து வரச் சொன்னார்.

"ஆயிரம் வண்டி நெல்லுக்கு ஈடாக நம்மிடம் என்ன இருக்கிறது? கண்ணில் காட்டு. இல்லாவிட்டால் திருடி என்று சிறையில் போடுவேன்!"

மூக்காயி திருதிருவென்று விழித்தாள். "குடிச்ச கஞ்சிய எப்படி சாமி காட்டறது?"

ராஜாவுக்கும் அதே குழப்பம். திவானோ விடவில்லை.

மூக்காயி சபையைப் பார்த்து, "நான் ஊத்துன கஞ்சியக் குடிச்சவங்கல்லாம் வெளிய போய் நில்லுங்க" என்றாள்.

சாமரம் வீசியவர்கள் போனார்கள். காவலர்கள், கணக்கர்கள், வரி வசூலிப்பவர்கள் எல்லோரும் போனார்கள். சபையே காலியானது.

"இவர்களை எதற்கு வெளியே அனுப்பினாய்?" திவானுக்கு ஒன்றும் புரியவில்லை.

"வெளிய நிக்கிறாங்களே, அவங்கதான் சாமி உங்க நெல்லு. அவங்க இருந்தாத்தான் கடன் அடையும். செத்தவங்களா வந்து வரி கட்டுவாங்க?"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "கடனைப் பத்து வருஷத்தில் அடைத்துக்கொள்ளலாம். மூக்காயி, நீ வீட்டுக்குப் போ. திவானே, அவர்களை உள்ளே வரச்சொல்லும்."

திவான் வழக்கம்போல ஆளைக் கூப்பிடக் கைதட்டினார். ஒருவரும் வரவில்லை. மறுபடியும் தட்டிப் பார்த்துவிட்டு, அவரே எழுந்து வாசலுக்குப் போனார்.