வலை கழற்றிய கோல்

"பிள்ளைகளுக்குக் கையில வலுவே இல்ல மிஸ்" என்றான் செண்பகராஜ். "தினம் ரெண்டு முட்டை குடுக்கேன். அப்பவும் பந்து கோல் வரைக்கும் போய் மூச்சு வாங்குது."

எஸ்தர் மிஸ் ரயில்வே அணியில் பன்னிரண்டு வருஷம் கோல் காத்தவர். செண்பகராஜுக்கு ஹாக்கி மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இப்போது அவன் கோவில்பட்டியில் ஒரு பள்ளியின் கோடை முகாமுக்குப் பயிற்சியாளன்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. ஆறு பிள்ளைகளில் ஒருவராவது தேறாவிட்டால் அடுத்த வருஷம் முகாம் கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பாவம், அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"வா, பாப்போம்" என்றார் மிஸ்.

மைதானத்தில் கோல் கம்பங்கள் மட்டும் நின்றன. லீவு விட்டால் போதும், வெயிலில் கெட்டுப்போகும் என்று வலையையும் பந்தைத் தடுக்கும் பின்பலகையையும் கழற்றிப் பள்ளிக்குள் பூட்டிவிடுவார்கள். கம்பத்துக்குப் பின்னால் ஒரே சீமைக்கருவேலங்காடு.

பிள்ளைகளில் ஒருத்தி, இசக்கி, அடித்தாள். பந்து மாமியார் வீட்டுக்குப் போகிற மருமகள் மாதிரி தயங்கித் தயங்கிப் போய், கோட்டைத் தாண்டி நாலடியில் நின்றது. அவளே ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

"பந்தை அவளா எடுக்கா?"

"அடிச்சவங்கதான் எடுக்கணும் மிஸ். நான் போட்ட சட்டம்." அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. "ஒழுக்கம் வரணும்லா."

மிஸ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பத்தைத் தாண்டி நடந்தார்.

"மிஸ், அங்க பூரா முள்ளு."

"அப்படியா?" என்றார் மிஸ். காட்டோரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். "அடி பாப்பா. பந்தை நான் எடுத்துத் தாரேன்."

முதல் பந்து பழைய நாலடிதான். மிஸ் குனிந்து எடுத்து உருட்டிவிட்டார். இரண்டாவது அவர் கால்வரை வந்தது.

ஐந்தாவதில் மட்டை படீரென்றது. பந்து கம்பங்களுக்கு நடுவே பாய்ந்து காட்டுக்குள் காணாமல் போனது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மிஸ் தவழாத குறையாக உள்ளே போய்ப் பந்தோடு வந்தார். முழங்கையில் கீறல். முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்தவன் அடித்தான். அதுவும் காட்டுக்குள் போனது. அடுத்ததும்.

செண்பகராஜ் இத்தனை நாள் கொடுத்த முட்டைகளை நினைத்துப் பார்த்தான். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி இசக்கிக்கு மாட்டிவிட்டு, மிஸ் நின்ற இடத்துக்குப் போய் நின்றான்.

இசக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மட்டையால் காட்டைக் காட்டினாள்.

"சார், அங்க நின்னா பத்தாது. இன்னும் உள்ள போங்க."