முளைக்காத திருநீற்றுப்பச்சை

முன்னே ஒரு காலத்தில், மலைமேல் கோட்டை கட்டி ஆண்ட மன்னர் ஒருவருக்கு மார்கழிப் பனியில் ஜலதோஷம் பிடித்தது. தும்மினால் சூனியம், பால் கசந்தால் விஷம் என்று எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவர் அவர்.

"திருநீற்றுப்பச்சை விதையை முளைக்கவைத்து, அந்த முளையை அரைத்துக் கஷாயம் வைத்தால் குணமாகும், அரசே" என்றார் அரண்மனை வைத்தியர் காளத்தியார். தோட்டத்தில் விதைத்தார். முளைக்கவில்லை. மறுபடியும் விதைத்தார். அப்போதும் பாத்தி வெறுமையாகவே கிடந்தது.

பழி தம்மேல் விழுமோ என்று வைத்தியருக்குப் பயம் வந்துவிட்டது. மன்னரைச் சிரிக்க வைத்தே பரிசு வாங்கும் விகடகவி விடங்கன்மேல் அவருக்கு வெகுநாளாகப் பொறாமை. "பாத்தியைப் பார்த்து விடங்கன் சிரித்தான், அரசே. அவன்தான் ஏதோ செய்திருக்கிறான்" என்று சபையில் கோள் சொன்னார்.

மன்னரின் கண்கள் சுருங்கின. "சிரித்தாயா?"

"சிரித்தேன், அரசே. பாத்திக்குக் காவல் நின்றவன் குளிர் தாங்காமல் பரதம் ஆடிக்கொண்டிருந்தான்."

"நம்பமாட்டேன். இனி இந்த விதையை உன் தலையில் கட்டுகிறேன். பௌர்ணமிக்குள் முளைக்காவிட்டால் நாட்டைவிட்டே போய்விடு!"

"விதைக்கு அருகே நெருப்பு மூட்டக் கூடாது. மருந்தின் குணம் கெட்டுவிடும்" என்று வைத்தியர் அவசரமாக ஒரு நிபந்தனையும் சேர்த்தார்.

இப்போது விடங்கனுக்கு வைத்தியர்மேல் சந்தேகம். வறுத்த விதையோ? ஒன்றைக் கடித்துப் பார்த்தான். பச்சை வாசனை அடித்தது. மண்ணில் உப்பைக் கலந்திருப்பாரோ? பாத்திக்குள் கையை விட்டான். விரல்கள் மரத்துப்போயின. விறைத்த கையைத் தலைப்பாகைக்குள் செருகிய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. குற்றவாளி யாரென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. குளிர்! வெதுவெதுப்பு இல்லாமல் இந்த விதை கண் திறக்காது.

அன்றிலிருந்து விடங்கனின் தலைப்பாகை பெருத்துவிட்டது. உட்கார்ந்தபடியே தூங்கினான். அவன் போகுமிடமெல்லாம் வைத்தியரின் ஆட்கள் வேவு பார்த்தார்கள்.

பௌர்ணமியன்று சபை கூடியதும் காளத்தியார் கூவினார்: "அரசே, இவன் தலைப்பாகையை அவிழ்ப்பதே இல்லை. காதோரம் என்னவோ வழிகிறது. உள்ளே விஷம்!"

வாள்கள் உருவப்பட்டன. விதை முளைத்துவிட்டதா என்று விடங்கனுக்கே தெரியாது.

"அவிழ்த்துவிடலாம், அரசே. ஆனால் இதைக் கட்டியவர் தாங்கள்."

"நானா?"

"விதையை என் தலையில் கட்டுவதாகச் சபையறியச் சொன்னீர்களே. ஆணைப்படி அது என் தலையிலேயே இருக்கிறது."

மன்னர் தாம் தொடத் துணியாமல் வைத்தியரை ஏவினார். அவர் முடிச்சை இழுத்தார். ஈரத்துணி ஒன்று விழுந்து விரிந்தது. உள்ளே, வழுவழுப்பாக உப்பிய விதைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை வெளேரென்று ஒரு முளை.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு தும்மலில் போய் முடிந்தது. மறுபடியும் சிரித்தார். தம் பட்டுச் சால்வையை விடங்கனுக்குப் போர்த்தி, "வேறென்ன வேண்டும், கேள்!" என்றார்.

விடங்கன் வாயைத் திறந்தான். பெரிய தும்மல்தான் வந்தது. "இத்தனை நாளும் தலையில் ஈரம், அரசே. அந்தக் கஷாயத்தில் எனக்கும் ஒரு கிண்ணம் வேண்டும்."

"காளத்தியாரே, உடனே காய்ச்சும்!"

"காய்ச்சட்டும்" என்றான் விடங்கன், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "ஆனால் முதல் கிண்ணத்தை அவரே குடித்துக் காட்டட்டும்."

சந்தேகப் பிராணியான மன்னருக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பிடித்துப்போனது என்றால், அவர் சிரித்து முடிப்பதற்குள் கஷாயம் கொதித்து ஆறியும் விட்டது.